கழுத்துச் சங்கிலியும் கோட்டும்: என்.பி.ஏ.வின் 2005 ஆடை விதியும் ரசிகர்களும்

2005 அக்டோபர் 17 அன்று, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. தன் வீரர்களுக்கு ஓர் ஆடை விதியை அறிவித்தது. களத்தில் போடும் சீருடைக்கான விதி அல்ல அது. களத்துக்கு வெளியே போடும் உடைக்கானது. அணியின் வேலையாகவோ அமைப்பின் வேலையாகவோ எங்கே போனாலும் அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி வர வேண்டும். காலர் வைத்த சட்டை அல்லது ஸ்வெட்டர், முறையான பேன்ட், காலுறையோடு ஷூ. ஜீன்ஸ் போடலாம், ஆனால் கிழிசலும் தொளதொளப்பும் இல்லாத ஜீன்ஸ். காயம்பட்டு ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் மேலே கோட் போட்டிருக்க வேண்டும். நவம்பர் 1 அன்று தொடங்கிய பருவத்திலிருந்து இது நடைமுறைக்கு வந்தது.

சண்டை எழுந்தது விலக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்துத்தான். கையில்லாச் சட்டை கூடாது. ஷார்ட்ஸ், டி-ஷர்ட், ஜெர்சி கூடாது. ஆட்டம் பார்க்க உட்காரும்போதும் நிருபர்களிடம் பேசும்போதும் தலையில் தொப்பியோ துணியோ கூடாது. கட்டடத்துக்குள் கூலிங் கிளாஸ் கூடாது. பேருந்து, விமானம், உடைமாற்றும் அறை தவிர வேறெங்கும் ஹெட்போன் கூடாது. ஸ்னீக்கரும், கட்டட வேலைக்குப் போடுவது மாதிரியான கனத்த பூட்ஸும் கூடாது. சட்டைக்கு மேலே தெரியும்படி சங்கிலியோ பதக்கமோ கூடாது.

பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஓர் ஆளின் உருவம் எழுந்து நிற்கும். அமெரிக்க ரசிகர்கள் அன்றே அந்த உருவத்துக்குப் பெயர் சொல்லிவிட்டார்கள்: ஃபிலடெல்ஃபியா அணியின் நட்சத்திர வீரர் ஆலன் ஐவர்சன்.

ஜெர்சியைப் பற்றிய வரியிடம் மட்டும் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். ரசிகர்களுக்கு ஜெர்சி விற்றுச் சம்பாதிக்கும் அமைப்பு இது. 2000-களின் தொடக்கத்தில் பழைய காலத்து ஜெர்சிகளை அப்படியே மறுபடி தைத்து விற்கும் ஃபிலடெல்ஃபியா நிறுவனமான மிட்செல் அண்ட் நெஸ்ஸின் சரக்கு ராப் பாடகர்கள் வழியாகத் தெருவெல்லாம் பரவியிருந்தது. முழங்கால் வரை தொங்கும் ஜெர்சி, பின்னால் திருப்பிய தொப்பி, கழுத்தில் சங்கிலி என்று பதினாறு வயதுப் பையன் ஒருவன் அரங்குக்குக் காசு கொடுத்து வரலாம். அவன் பார்க்க வந்த வீரன் அதே உடையில் நிருபர்கள் முன் உட்காரக் கூடாது. அந்தப் பையனுக்கு இந்த விதி என்ன சொன்னது என்பதிலிருந்துதான் ரசிகர்களின் எதிர்வினையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆபர்ன் ஹில்ஸில் பறந்த கோப்பை

விதி திடீரென்று வரவில்லை. 2004 நவம்பர் 19 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆபர்ன் ஹில்ஸில் இண்டியானா பேசர்ஸ் அணியும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியும் ஆடின. ஆட்டம் முடிய 45.9 விநாடி இருந்தது. பேசர்ஸ் 97-82 என்று முன்னிலையில் இருந்தது. பேசர்ஸ் வீரர் ரான் ஆர்டெஸ்ட் செய்த ஒரு ஃபவுலால் வீரர்களுக்குள் தள்ளுமுள்ளு. அது அடங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்டெஸ்ட் பக்கத்திலிருந்த மேசைமேல் போய்ப் படுத்துக்கொண்டார். இருக்கைப் பக்கமிருந்து ஒரு கோப்பை பறந்து வந்து அவர்மேல் விழுந்தது. அவர் எழுந்து ரசிகர்கள் நடுவே பாய்ந்தார். பின்னாலேயே அவருடைய சக வீரர் ஸ்டீபன் ஜாக்சனும் போனார். அதன்பின் வீரர்களும் பார்வையாளர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் நாள்கணக்கில் ஓடியது.

தண்டனை கடுமையானது. ஒன்பது வீரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆர்டெஸ்டுக்கு அந்தப் பருவத்தின் மிச்சம் முழுவதும் போயிற்று. நாக்அவுட் சுற்றையும் சேர்த்து 86 ஆட்டங்கள். ஜாக்சனுக்கு 30. ரசிகர்கள் சிலர்மேலும் வழக்குப் பதிவானது. அரங்குகளில் கடைசிக் கால்பகுதியில் மது விற்பதை நிறுத்தினார்கள். ரசிகர்களுக்கென ஒரு நடத்தை விதியும் வந்தது. இதை மறைக்கக் கூடாது. கமிஷனர் என்ற பெயரில் அன்று அமைப்பின் தலைவராக இருந்த டேவிட் ஸ்டெர்ன் ரசிகர்களைக் கண்டிக்காமல் விடவில்லை.

ஆனால் ரசிகருக்கு வந்த விதி அவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றியது. வீரருக்கு அடுத்த ஆண்டு வந்த விதி அவர் எப்படித் தெரிகிறார் என்பதைப் பற்றியது. ஆபர்ன் ஹில்ஸில் ரசிகர்கள் நடுவே பாய்ந்த ஆர்டெஸ்டும் ஜாக்சனும் அமைப்பே அங்கீகரித்த சீருடையில்தான் இருந்தார்கள்.  அப்படியிருக்க, சங்கிலியைக் கழற்றினால் எது சரியாகும் என்று ஒரு பகுதி ரசிகர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்தக் கைகலப்புக்குச் சில மாதம் முன், 2004 கோடையில், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி வெண்கலத்தோடு திரும்பியிருந்தது. 1992-ல் என்.பி.ஏ. வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆடத் தொடங்கியதிலிருந்து தங்கம் கைநழுவியது அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 92-73 என்று தோற்ற அந்த அணிக்கு ஐவர்சனும் டிம் டங்கனும் இணைத் தலைவர்கள். மைக்கேல் ஜார்டன் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் இல்லையே என்ற பதற்றம் வேறு. பெருநிறுவனங்களுக்கு விற்கும் சொகுசு இருக்கைகளும் விளம்பர ஒப்பந்தங்களும் அமைப்பின் வருமானத்தில் முக்கியமானவை. வீரர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பர்கள். சொகுசு இருக்கையில் உட்கார்ந்தவர்களோ பெரும்பாலும் வசதியான வெள்ளையர்கள். அந்த வாடிக்கையாளர் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம் விதியின் ஒவ்வொரு வரிக்கும் அடியில் இருக்கிறது.

ஐவர்சன் என்றால் யார்

ஆறடி உயரம். இந்த ஆட்டத்தில் அது குள்ளம். வர்ஜீனியாவின் ஹாம்ப்டனிலிருந்து வறுமையோடு வந்தவர். 1996-ல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில் முதல் ஆளாக அவரை ஃபிலடெல்ஃபியா செவன்டிசிக்ஸர்ஸ் எடுத்தது. முதல் பருவத்திலேயே ஜார்டனை எதிரே நிறுத்தி, பந்தை இடமும் வலமும் மாற்றித் தட்டி அவரை அசைத்துவிட்டுக் கூடையில் போட்டார். 2001-ல் மிகச்சிறந்த வீரர் விருது. அதே ஆண்டு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸுக்கு எதிராக 48 புள்ளிகள். தலையில் நெருக்கிப் பின்னிய பின்னல்வரிசை, உடம்பெல்லாம் பச்சை. முழங்கை வீக்கத்துக்காக 2001-ல் அவர் கையில் மாட்டிக்கொண்ட நீளத் துணியுறை கொஞ்ச நாளில் தெருக்கோடி ஆட்டக்காரர்கள் கை வரை வந்துவிட்டது.

அவருடைய உருவம் அமைப்பை உறுத்துவது 2005-ல் தொடங்கவில்லை. 2000 வாக்கில் அமைப்பின் அதிகாரபூர்வ இதழான ஹூப் அவர் படத்தை அட்டையில் போட்டபோது பச்சைக் குத்தல்களை அழித்துவிட்டு அச்சிட்டது. தன் உடம்பில் தன் தாயையும் பிள்ளைகளையும் எழுதி வைத்திருக்கிற மனிதன் அவர். அதை அழித்ததற்கு அவர் கோபப்பட்டார், ரசிகர்களும்தான். ஆட்டத்தை விற்க அவர் வேண்டும், அவர் தோல் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

விதி வந்தபோது ஐவர்சன், இது என் தலைமுறையைக் குறிவைக்கிறது, ஹிப்-ஹாப் தலைமுறையைக் குறிவைக்கிறது என்றார். கொலைகாரனுக்குச் சூட் மாட்டினாலும் அவன் கொலைகாரன்தான் என்று அவர் சொன்னது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று வளர்ந்த நமக்கு அந்தச் சொல் சுருக்கென்று படும். ஆடை பாதி என்பது பார்க்கிறவர் கண்ணுக்கு உண்மைதான். உள்ளே இருக்கிற ஆளுக்கு அது எந்த அளவு உண்மை என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

ரசிகர்கள் எங்கெங்கே நின்றார்கள்

இந்த விவகாரத்தை வெள்ளை ரசிகர் ஆதரித்தார், கறுப்பு ரசிகர் எதிர்த்தார் என்று இரண்டு பெட்டியில் போட்டு மூடிவிடுகிறவர்கள் உண்டு. விஷயம் அப்படி இல்லை.

ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் சொன்னது ஒரே வாதம்: நான் வேலைக்குப் போகும்போது என் முதலாளி சொன்னபடி உடுத்துகிறேன், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இவர்களுக்கு என்ன குறை? வேலை செய்து பிழைக்கிறவர் வாயிலிருந்து வரும்போது இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. டென்வர் நக்கெட்ஸின் மார்கஸ் கேம்பி அதற்கு எண்ணெய் ஊற்றினார். எல்லா வீரருக்கும் துணி வாங்கத் தனிப் படி கொடுத்தால் ஒழிய இது நடக்காது என்கிற மாதிரி அவர் பேசினார். பல மில்லியன் டாலர் சம்பளக்காரர் துணிக்குக் காசு கேட்கிறார் என்று நாடு முழுக்கச் சிரித்தார்கள். வீரர்கள் பக்கம் இருந்த நியாயத்தை அந்த ஒரு பேச்சு கெடுத்ததைப் போல வேறெதுவும் கெடுக்கவில்லை. அதன்பின் ஜாக்சன் பண்பாட்டைப் பற்றிப் பேசினாலும், கேட்டவர்கள் காதில் விழுந்தது பணத்திமிர்தான்.

ஸ்டீபன் ஜாக்சன் சொன்னதைக் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். கோட் போடச் சொன்னதை அவர் பெரிதாகக் குறை சொல்லவில்லை. சங்கிலிக்கான தடையைத்தான் இனவெறி என்றார். பருவம் தொடங்கும் முன் நடந்த ஓர் ஆட்டத்துக்கு வேண்டுமென்றே நான்கு சங்கிலிகளைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தத் தனித்தடை யார் கழுத்தை நோக்கியது என்பது அவருக்கும் தெரியும், ஸ்டெர்னுக்கும் தெரியும், தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த பையனுக்கும் தெரியும். விதியின் மற்றப் பகுதிகளில் எனக்குப் பெரிய மனக்குறை கிடையாது. ஒரு நிறுவனம் தன் ஆட்களை ஒழுங்காக உடுத்தி வரச் சொல்லலாம். சங்கிலி பற்றிய வரி மட்டும் தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

எதிர்ப்பு ஹிப்-ஹாப் உடைக்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. சான் ஆண்டோனியோ ஸ்பர்ஸின் டிம் டங்கன் அதற்குள் மூன்று கோப்பைகள் வென்றிருந்தார். அமைதியானவர், விளம்பரம் தேடாதவர், தொளதொளப்பான கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸுமாகத் திரிகிறவர். அவரும் இந்த விதியைக் கடும் சொல்லால் திட்டினார். உடையைப் பற்றிய அக்கறையே இல்லாத மனிதருக்கும், யாரோ ஒருவர் காலையில் என்ன போடுவது என்று சொல்வது உறுத்தத்தானே செய்யும்?

மறுபக்கம் லேக்கர்ஸின் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன், வீரர்கள் சில ஆண்டுகளாகச் சிறைக்கைதி உடையில் திரிகிறார்கள் என்ற பொருள்பட விதியை ஆதரித்துப் பேசினார். பல ரசிகர்களை விதியைவிட அதிகமாகப் புண்படுத்தியது இந்த ஆதரவுதான். தொளதொள பேன்ட் போட்ட கறுப்பு இளைஞனைக் கண்டதும் சிறை நினைவுக்கு வருகிறது என்றால் அந்த நினைப்பு பேன்ட்டில் இல்லை.

எனக்கு மிகக் கனமாகப் படுவது முன்னாள் நட்சத்திர வீரர் சார்ல்ஸ் பார்க்லியின் ஆதரவு. அவர் கறுப்பர், அலபாமாவின் சிற்றூரிலிருந்து வந்தவர், தன் காலத்தில் யாருக்கும் அடங்காதவர் என்று பெயர் வாங்கியவர். அவர் விதி சரி என்றார். அவர் காட்டிய காரணம் இது: கறுப்புப் பிள்ளைகள் இந்த வீரர்களைப் பார்த்து உடுத்துகிறார்கள், ஆனால் அவர்களுக்கு இந்த வீரர்களின் சம்பளம் இல்லை, வேலை தேடிப் போகும்போது அந்த உடை அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. கறுப்புக் குடும்பங்களில் பெரியவர்கள் பலர் தலையசைத்தது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சூட்டில்லாமல் போகாத தலைமுறை அது. 1963-ல் வாஷிங்டன் பேரணியில் ஆகஸ்ட் மாத வெயிலில் டை கட்டி நடந்தவர்களின் தலைமுறை. மதிப்பைக் கேட்டு வாங்க உடையையும் ஒரு கருவியாகப் பிடித்தவர்கள் அவர்கள். பேரப்பிள்ளைகளோ, நாங்கள் எப்படி உடுத்தினாலும் நீங்கள் மதிக்கத்தானே வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரே வீட்டுக்குள், ஒரே அணியின் ரசிகர்களுக்குள் நடந்த விவாதம் இது. இரண்டு பக்கமும் அனுபவத்திலிருந்து பேசியது. பார்க்லி தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வேலை கொடுப்பவரின் கண்ணில் இருக்கிற குறையைப் பிள்ளையின் கழுத்தில் திருத்தப் பார்க்கிறார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறகு நடந்தது

விதி நிலைத்தது. பெரிய கலகம் எதுவும் இல்லை. ஆனால் அமைப்பு எதிர்பார்க்காத திசையில் போனது. நட்சத்திர வீரர்களான லெப்ரான் ஜேம்ஸும் டுவேன் வேடும் நல்ல தையல்காரர்களிடம் போனார்கள். 2012 நாக்அவுட் சுற்றில் ஓக்லஹோமா சிட்டியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் விதவிதமான அச்சிட்ட சட்டைகளும் கண்ணாடியில்லாச் சிவப்புச் சட்டங்களுமாக நிருபர்கள் முன் வந்து உட்கார்ந்தார். காலர் இருந்தது, விதிப்படி குறை சொல்ல எதுவும் இல்லை. அரங்கின் வாசலிலிருந்து உடைமாற்றும் அறைக்குப் போகும் அந்தச் சிறு நடைவழி ஃபேஷன் மேடையாகிவிட்டது. ரசிகர்கள் ஆட்டத்துக்கு முன்பே போனைத் திறந்து இன்று யார் என்ன போட்டு வந்தார் என்று பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

2018 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு லெப்ரான் ஓக்லண்டில் தாம் பிரவுன் தைத்த சூட்டில் வந்தார். மேலே கோட், டை. கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் ஷார்ட்ஸ். 2005-ன் பட்டியலில் ஷார்ட்ஸ் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு அவர் 51 புள்ளிகள் எடுத்தும் அணி தோற்றது. மறுநாள் பேச்சில் ஷார்ட்ஸுக்கும் பங்கு இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் ஷார்ட்ஸ் மாறவில்லை. விலையும் தைத்தவர் பெயரும் மாறியிருந்தன.

இங்கே இன்னொரு நிகழ்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2013 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அடிடாஸ் தைத்த கை வைத்த ஜெர்சியில் இறங்கியது. பெரியவர்கள் கையில்லா ஜெர்சி போடக் கூச்சப்படுகிறார்கள், கை வைத்தால் வாங்குவார்கள் என்பது கணக்கு. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஆடிய பத்து அணிகளுக்கும் அதுவே சீருடை. ரசிகர்கள் அதைப் பைஜாமா என்றார்கள். 2014 மார்ச்சில் ஸ்பர்ஸுக்கு எதிராக 18 முயற்சியில் 6 மட்டுமே விழுந்த ஆட்டத்துக்குப் பின், எறியும்போது கக்கத்தில் இழுக்கிறது என்று லெப்ரான் சொன்னார். 2015 நவம்பரில் நியூயார்க்கில் ஆட்டத்தின் நடுவே இரண்டு கைகளையும் தானே கிழித்துக்கொண்டார். 2016-ல் கிளீவ்லாந்து தன் முதல் கோப்பையை வென்றதும் அதே கை வைத்த கறுப்பு ஜெர்சியில்தான். அந்த நகரத்துக்கு மட்டும் அது புனிதப் பொருளாகிவிட்டது. 2017-ல் சீருடை நைக்கின் கைக்குப் போனதும் கை வைத்த ஜெர்சி காணாமல் போனது.

கை வைத்த ஜெர்சி நான்கே ஆண்டில் செத்தது. சங்கிலித் தடை நிலைத்தது. முன்னதில் வீரரும் வாங்குபவரும் ஒரே பக்கம் இருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னவர் சொகுசு இருக்கைக்காரராகவும் இருந்தார். 2005-ல் வேண்டாம் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் அந்த இருக்கைகளில் இல்லை. ரசிகர் குரல் என்று ஒன்று தனியாக இல்லை. எந்த இருக்கையிலிருந்து அந்தக் குரல் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் அமைப்பு அதைக் கேட்கிறது. 1985 பிப்ரவரியில் ஜார்டனின் கறுப்பு-சிவப்பு ஷூ சீருடைக்கு ஒவ்வாது என்று அமைப்பு நைக்குக்குக் கடிதம் எழுதியது. அந்தத் தடையையே விளம்பரமாக்கி ஷூ விற்றார்கள். மீறலை வாங்கக் காசுள்ள ரசிகர் இருந்தால் மீறல் சரக்காகிவிடுகிறது.

2019-ல் சிறிய தடை ஒன்று வந்தது. முந்தைய பருவத்தில் ஜிம்மி பட்லர், ஜரூ ஹாலிடே போன்றவர்கள் நெற்றியில் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்ட துணிப்பட்டையைக் கட்டி ஆடினார்கள். சிறுவர்களுக்கு அது மிகவும் பிடித்தது. அளவும் கட்டும் விதமும் சீராக இல்லை, பாதுகாப்புக் குறித்து அணிகள் கவலைப்படுகின்றன என்று சொல்லி அமைப்பு அதை நிறுத்தியது. முனகலோடு அது முடிந்தது.

2020 ஜனவரி 1 அன்று ஸ்டெர்ன் இறந்தார். அந்தக் கோடையில் கொரோனா காரணமாக ஆர்லாண்டோவில் அடைபட்ட சூழலில் பருவத்தை முடித்தபோது உடை விதி தளர்ந்தது; பயிற்சியாளர்கள் சூட்டைக் கழற்றினார்கள், பலர் அதன்பின் திரும்பப் போடவேயில்லை. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட சில வாரங்கள் ஆகியிருந்தன. பெயருக்குப் பதிலாக, அமைப்பு ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்து சமூகநீதி வாசகம் ஒன்றை ஜெர்சியின் முதுகில் போட்டுக்கொள்ளலாம் என்று வீரர்களுக்கு அனுமதி தரப்பட்டது.

மயாமி ஹீட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த ஜிம்மி பட்லர் வாசகம் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றார். கூடைப்பந்து இல்லாவிட்டால் தானும் மற்ற எந்தக் கறுப்பு மனிதரையும் போலத்தான், அதைக் காட்ட முதுகு வெறுமையாக இருக்கட்டும் என்பது அவர் விளக்கம். ஆகஸ்ட் 1 அன்று டென்வருக்கு எதிரான ஆட்டத்துக்கு 22 என்ற எண் மட்டும் இருந்த ஜெர்சியில் களத்துக்கு வந்தார். அனுமதி இல்லை என்றார்கள். பந்து மேலே எறியப்படுவதற்கு முன் அவர் அதைக் கழற்றிவிட்டு, முதுகில் தன் பெயர் உள்ள ஜெர்சியை மாட்டிக்கொண்டு ஆடினார்.